வெளியூர் வாணிகமும் ஒப்பந்த வழக்கும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவரில் மாதச் சம்பளத்துக்கு உழைப்போர் மட்டுமே உண்டு என்று பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. சிற்றுண்டிச்சாலை நடத்துவோரும், அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்புவோரும், தையற்பட்டறையும் தோற்பட்டறையும் வைத்திருப்போரும், எவர்சில்வர்ப் பாத்திரம் விற்போரும், அச்சகத்தாரும், கட்டட வேலைகளைக் காண்டிராக்ட்டு எடுத்துச் செய்வோரும் நம்மிடையே ஏராளம். இவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். மனைவியின் நகையும், ஊரில் விற்ற நிலத்தின் பணமும், உறவினரிடம் வாங்கிய கைமாற்றுமே இவர்களுடைய முதல். ஆதலின், செய்து கொடுத்த வேலைக்கு ஒரு முறை பணம் வராமற் போனாலும் குடும்பமே ஆட்டங்கண்டுவிடுகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. பெண்ணின் திருமணம் தள்ளிப் போகிறது.

இத்தகைய வேளையில் நம்மவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ‘வேற்றூர், வேற்றுமொழி, கோர்ட்டுக்குப் போனால் மிச்சமிருக்கும் கைப்பொருளும் போய்விடும்’ என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிடுவது ஒன்று. ஆண்டுக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சிவிட்டுக் காலங்கடந்த பின் வக்கீலைத் தேடி ஓடுவது மற்றொன்று. இரண்டும் நஷ்டத்திலேயே முடிகின்றன.

சட்டம் சிறு வாணிகனுக்குப் பகையன்று. ஆயினும், நியாயம் யார் பக்கம் என்பதை ஆராயப் புகுமுன் நீதிமன்றம் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எழுத்தில் என்ன இருக்கிறது? வழக்குத் தொடுத்த இடம் சரியானதா? உரிய காலத்துக்குள் வந்தாயா? நியாயம் தம் பக்கம் இருந்தும் இந்த மூன்று வாயில்களிலேயே தடுக்கப்பட்டுத் திரும்புவோர் உண்டு. இக்கேள்விகளுக்குரிய விடை சண்டை மூண்ட நாளில் தோன்றுவதில்லை. பெரும்பாலும் கையெழுத்திட்ட நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இதனை நம் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் ஒப்பந்தங்களை ஆளும் சட்டம் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இடையில் பல திருத்தங்கள் பெற்றபோதிலும் அதன் அடிப்படை இன்றும் அதுவே. தகுதியுடைய இருவர், வற்புறுத்தலோ வஞ்சனையோ இன்றி, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு காரியத்துக்காக, ஒருவருக்கொருவர் பிரதிபலன் தந்து செய்துகொள்ளும் உடன்பாடு சட்டப்படி செல்லும். பெரும்பாலான வாணிகங்களுக்கு அது எழுத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அதை நிரூபிப்பதுதான் அரிது.

ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால் மற்றவருக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் எல்லா நஷ்டத்துக்கும் அன்று. பேசிய விலைக்கு ஒருவர் அரிசி அனுப்பத் தவறினார். நாம் கடைத்தெருவில் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தது. அந்த விலை வேறுபாட்டைக் கேட்கலாம். ‘அரிசி வராததால் வேறொரு பெரிய காண்டிராக்ட்டு என் கைவிட்டுப் போயிற்று, அந்த லாபத்தையும் தா’ என்றால், அப்படி ஒரு காண்டிராக்ட்டு இருப்பதை ஒப்பந்தம் செய்யும்போதே அவரும் அறிந்திருந்தார் என்று காட்டவேண்டும். அன்றியும், நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தும் நாம் கைகட்டி இருந்தோமானால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

‘தவறினால் முன்பணம் முழுவதும் பறிமுதல்’ என்ற ஷரத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். இது குறித்து 1963-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பொன்று நினைவில் வைக்கத்தக்கது. தில்லியில் ஒரு சொத்து 1,12,500 ரூபாய்க்கு விலை பேசப்பட்டது. வாங்குபவர் அச்சாரமாக 1,000 ரூபாயும், பின்னர் 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். விற்பனை முடியவில்லை. 25,000 ரூபாயும் தமக்கே என்றார் விற்றவர். அச்சாரமாகிய 1,000 ரூபாயை அவர் வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய 24,000 ரூபாயை, நஷ்டம் ஏற்பட்டதைக் காட்டாமல், ஷரத்தில் எழுதியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பறிமுதல் செய்ய இயலாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அபராதத் தொகை நஷ்டஈட்டின் மேல்வரம்பேயன்றி, தானாக வந்து சேரும் தொகையன்று என்பது 74-ஆம் பிரிவின் கருத்து.

எழுத்து

நம்மவருள் ஒரு பழக்கம் உண்டு. ‘சொன்ன சொல் தவறமாட்டார்’ என்று நம்பி, ஒரு சீட்டும் இல்லாமல் பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கை அனுப்பிவிடுவர். நம்பிக்கை நல்லதே. ஆயினும் நம்பிக்கையுள்ள இருவருக்கிடையேதான் எழுத்து எளிதில் உண்டாகும். மனம் கசந்த பின் எவரும் எழுதித் தரமாட்டார். என்ன சரக்கு, எவ்வளவு, என்ன விலை, எந்த நாளில் ஒப்படைப்பு, எத்தனை நாளில் பணம் என்ற ஐந்தும் ஒரே தாளில் இருந்தாலே பாதிச் சண்டை எழாது. சரக்கை ஒப்படைத்ததும் பெற்றவரின் கையொப்பமும் தேதியும் இட்ட சீட்டை வாங்கிக் கோப்பில் வைக்கவேண்டும்.

இக்காலத்தில் பேரம் முழுவதும் கைப்பேசிச் செய்திகளிலேயே நடந்துவிடுகிறது. அச்செய்திகளும் சாட்சியமாகச் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் உடன் இருக்கவேண்டும். ஆகவே கைப்பேசியை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடலாகாது.

மொழி பற்றியும் ஒரு சொல். இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ அச்சிட்ட தாளில், எதிரே இருப்பவர் வாயால் சொன்ன பொருளை நம்பிக் கையெழுத்திடுவது நம் குடும்பங்களில் இன்றும் நடக்கிறது. ‘எனக்கு அம்மொழி படிக்கத் தெரியாது’ என்று பின்னர்ச் சொல்வது எளிதில் எடுபடாது. தெரிந்த ஒருவரைக் கொண்டு படிப்பித்துக் கேட்ட பிறகே கையெழுத்திடவேண்டும். அதுபோலவே, தமிழில் எழுதிய பேரேடும் கடிதமும் சாட்சியத்துக்கு உதவும். ஆனால் அந்த மாநிலக் கோர்ட்டில் அவற்றின் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும்.

அண்ணன் தம்பியரும் மைத்துனரும் கூடிக் கூட்டு வாணிகம் செய்வது நம்மிடையே சகஜம். 1932-ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டத்தின் 69-ஆம் பிரிவை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம். பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தத்தால் தனக்கு வரவேண்டியதைக் கேட்டு வெளியார்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அதே நிறுவனத்தின்மீது வெளியார் வழக்குத் தொடுக்கத் தடையில்லை! பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர் பெருந்தொகையை இழக்க நேரிடுவது இதனால்தான்.

இடம்

வெளியூரில் வாழும் நமக்கு எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே. நம்மவர் சற்றும் கவனியாததும் இதுவே.

பொதுவிதி எளிது. எதிராளி வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரிலோ, வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி முழுவதுமோ ஒரு பகுதியோ நடந்த ஊரிலோ வழக்குத் தொடரலாம். ஒப்பந்தம் எங்கே உண்டாயிற்று என்பதும் அத்தகைய ஒரு நிகழ்ச்சி. தொலைபேசியில் பேரம் முடிந்தால் எந்த ஊரில் ஒப்பந்தம் உண்டானதாகக் கொள்வது? 1965-ஆம் ஆண்டில் இக்கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அகமதாபாத்திலிருந்த வாணிகர், காம்காவிலிருந்த வாணிகரிடம் பருத்திப் பிண்ணாக்கு வாங்கத் தொலைபேசியில் பேசினார். காம்காவிலிருந்தவர் அங்கிருந்தே சம்மதம் தெரிவித்தார். சம்மதம் எங்கே காதில் விழுந்ததோ அங்கேயே, அதாவது அகமதாபாத்திலேயே, ஒப்பந்தம் உண்டாயிற்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

இந்தப் பொதுவிதியை மாற்றிவிடுவது, விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு வரியாகும். ‘தாவா ஏற்பட்டால் இன்ன ஊர்க் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது’ என்பதே அவ்வரி. இதன் வரலாற்றில் நம் சேலத்துக்கும் ஓர் இடம் உண்டு. குஜராத்தில் கேடா மாவட்டத்திலிருந்த ஏ.பி.சி. லேமினார்ட் நிறுவனத்திடம் சேலத்து நிறுவனம் ஒன்று உலோக இழை வாங்க ஒப்பந்தம் செய்தது. கேடா கோர்ட்டு என்று ஷரத்து இருந்தது. தாவா எழுந்தபோது சேலத்து நிறுவனம் சேலத்திலேயே வழக்குத் தொடுத்தது. ஷரத்தில் ‘மட்டும்’ என்பது போன்ற சொல் இல்லை. ஆகவே சேலம் கோர்ட்டின் அதிகாரம் விலக்கப்படவில்லை என்று 1989-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று.

அத்தீர்ப்பை இன்றும் சிலர் நம்பியிருக்கின்றனர். அது போதாது. 2013-ஆம் ஆண்டில் ஸ்வஸ்திக் காஸஸ் வழக்கில் நிலைமை மாறிற்று. அந்த நிறுவனம் ஜெய்ப்பூரில் தொழில் நடத்தியது. ஒப்பந்தத்தில் கல்கத்தா கோர்ட்டுகள் என்று குறித்திருந்தது. ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிடினும், ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறித்தாலே மற்ற ஊர்களை விலக்கும் கருத்துத் தெளிவாகிறது என்று கோர்ட்டு கருதியது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தில்லியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 80,000 ரூபாய்ச் சரக்குக்காகக் கல்கத்தாவுக்கோ மும்பைக்கோ வாய்தா தோறும் போய் வர இயலுமா? ரயில் கட்டணமும், கடையடைத்த நாட்களின் நஷ்டமும், அவ்வூர் வக்கீலின் கட்டணமும் சேர்ந்தால் வரவேண்டிய பணத்தை விழுங்கிவிடுமே! நியாயம் இருந்தும் அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். எதிராளிக்கு வேண்டியதும் அதுதானே?

வழக்குக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஊரைக் குறித்து அதற்கு அதிகாரம் தந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் தொடர்புள்ள இரண்டு ஊர்களுள் ஒன்றைக் குறிக்கலாம். எனவே அவ்வரியைக் கண்டதும், ‘நம் இருவரில் எவர் ஊரிலும்’ என்று மாற்றக் கேட்பதில் வெட்கம் வேண்டா. கேட்டால் சிலர் மறுப்பர், பலர் இணங்குவர். மறுத்தாலும், எவ்வளவு தொகைவரை கடன் கொடுக்கலாம் என்பதை முன்னதாகவே முடிவு செய்ய அது உதவும்.

மத்தியஸ்தர் முன் தீர்த்துக்கொள்வது என்ற ஷரத்து இருந்தால், மத்தியஸ்தம் எந்த ஊரில் என்பதையும், மத்தியஸ்தரை நியமிப்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். தாவாவில் அக்கறையுள்ள ஒரு தரப்பாரே தனி மத்தியஸ்தரைத் தம் விருப்பப்படி நியமிக்க முடியாது என்று 2019-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலின் எதிராளி தம் ஆளை நியமித்துவிட்டார் என்று மனந்தளர வேண்டுவதில்லை.

காலம்

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்த வழக்குகளுக்கு உரிய காலம் பொதுவாக மூன்று ஆண்டு. விற்ற சரக்கின் விலைக்குத் தவணை குறித்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும், குறிக்காவிட்டால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்தும் கணக்கு ஓடத் தொடங்கும்.

‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று தொலைபேசியில் நூறு முறை சொன்னாலும் கணக்கு நிற்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நிற்பதில்லை. மூன்றாண்டு முடியுமுன், ‘இவ்வளவு தரவேண்டியிருக்கிறது’ என்று எதிராளி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அன்று முதல் புதிய கணக்குத் தொடங்கும். எழுத்து மூலமான ஒப்புதலோடு ஒரு பகுதித் தொகையைச் செலுத்தினாலும் அவ்வாறே. ஆகையால் ஆண்டுதோறும் பாக்கியைக் குறித்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

செக்கு திரும்பி வந்தால் காலம் இன்னும் குறுகியது. திரும்பிய செய்தி பாங்கிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது கிடைத்ததிலிருந்து 15 நாட்கள் எதிராளிக்கு அவகாசம். அதற்குள் பணம் தராவிட்டால், அவகாசம் முடிந்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுக்கவேண்டும். இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால், செக்குக் கொடுத்தவரின் பாங்கு உள்ள ஊருக்கே ஓடவேண்டியிருந்தது. 2015-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினர். இப்போது, நம் கணக்கில் வசூலுக்குச் செலுத்திய செக்கானால், நாம் கணக்கு வைத்திருக்கும் பாங்குக் கிளை உள்ள இடத்திலேயே பிராது கொடுக்கலாம்.

நம்மீதே பிறர் வழக்குத் தொடுத்தாலும் காலம் முக்கியம். வாணிக நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட்டு அனுமதித்தாலும் 120 நாளுக்கு மேல் இல்லை. அதன்பின் பதிலுரைக்கும் உரிமையே போய்விடும். சம்மனை வாங்க மறுப்பதாலோ பெட்டியில் வைத்துப் பூட்டுவதாலோ வழக்கு மறையாது.

உதவி எங்கே கிடைக்கும்?

2015-ஆம் ஆண்டு வாணிக நீதிமன்றச் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தாவாக்களுக்கே ஏற்பட்டது. 2018-ஆம் ஆண்டில் அவ்வரம்பு மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டது. அவசரத் தடையுத்தரவு வேண்டாத வழக்குகளில், கோர்ட்டுக்குப் போகுமுன் சட்டப்பணி ஆணையத்தின் வழியாகச் சமரசத்துக்கு முயலவேண்டும் என்பதும் விதி. இது கட்டாயம் என்று 2022-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. இம்முயற்சியில் கழியும் காலம் மூன்றாண்டுக் கணக்கில் சேராது. நம் போன்றவர்களுக்கு இது தடையன்று, வசதியே. எதிராளியோடு நேரில் உட்கார்ந்து, பாதியை இப்போதும் மீதியைத் தவணையிலும் பெற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டாகிறது.

சரக்கு உற்பத்தி செய்வோருக்கும் சேவைத்தொழில் புரிவோருக்கும் 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் தனிப்பட்ட பாதுகாப்பைத் தருகிறது. குறுந்தொழிலோ சிறுதொழிலோ அனுப்பிய சரக்குக்கு, எழுத்தில் தவணை இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும், தவணை இல்லாவிடில் 15 நாளுக்குள்ளும் வாங்கியவர் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். பணம் வராதபோது மாநில வசதிக் குழுவிடம் மனுச் செய்யலாம். இங்கேதான் இடத்தின் தொல்லை தீர்கிறது. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சரக்கு அனுப்பியவரின் ஊருக்குரிய குழுவே விசாரிக்கும். குழு முதலில் சமரசத்துக்கு முயலும், முடியாவிட்டால் மத்தியஸ்தம். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக விரும்பும் வாங்குபவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாகவேண்டும்.

இதைப் பெற ‘உத்யம்’ பதிவு தேவை. அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தாவா எழுந்த பின் ஓடிப்போய்ப் பதிவதால் பழைய ஒப்பந்தத்துக்குப் பயன் கிடைக்கும் என்று எண்ணியிருத்தல் ஆகாது. ஒப்பந்தத்துக்கு முன்பே பதிந்திருக்கவேண்டும். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு உத்யம் பதிவு உண்டெனினும், அது கடன் வசதியின் பொருட்டே. இந்தப் பாக்கி வசூல் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தையற்பட்டறையும் அச்சகமும் உணவு சமைத்தனுப்பும் தொழிலும் வைத்திருப்போர் இன்றே கவனிக்கவேண்டிய காரியம் இது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்கள் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையச் சட்டத்தை அறியவேண்டும். மாநில அரசு குறித்த வருமானத்துக்குக் கீழ்ப்பட்டவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் முதலியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் சகோதரியும், துணி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரியும் இவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். அதே சட்டத்தின்கீழ் நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் உடன்பட்டால், அம்முடிவு சிவில் கோர்ட்டின் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வக்கீலிடம் செல்வோர் அசல் தாள்களைக் கொடுத்தால் ரசீது பெறவேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்திடலாகாது. ‘ஜெயித்தால் இத்தனை பங்கு’ என்று கட்டணம் பேசுவது வக்கீல்களின் தொழில் விதிகளால் தடுக்கப்பட்டது. அப்படிக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் இசையரங்கும் சிறப்புற நடத்துகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை அங்கத்தினரின் ஒப்பந்தத் தாள்களைப் படித்துப் பார்ப்பதற்கென்று ஒதுக்கலாகாதா? ஒவ்வோர் ஊரிலும் நம்மவருள் வக்கீல்கள் இருக்கின்றனர். அவ்வூர் மொழியைப் பிறவி மொழிபோல் படிக்கும் இளைஞர்களும் இருக்கின்றனர். இவர்கள் இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தாலே போதும். சண்டை வந்த பின் செய்யும் பெரிய உதவியைக் காட்டிலும், கையெழுத்திடுமுன் செய்யும் இச்சிறு உதவி பல குடும்பங்களின் முதலைக் காக்கும்.

அதுவரை அன்பர்கள் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், இப்போது நடப்பிலிருக்கும் ஒப்பந்தங்களையும் விலைப்பட்டியல்களையும் எடுத்து, அடியில் எந்த ஊர்ப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதையும், எந்தப் பாக்கிக்கு எப்போது மூன்றாண்டு முடிகிறது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.